கேட்க ஒரு ஆள்: கூலி கொடுத்துக் கண்காணிப்பு வைத்துக்கொள்ளும் முறை

பள்ளியில் வீட்டுப்பாடம் எங்கே என்று வாத்தியார் கேட்டார். வீட்டில் அம்மா கேட்டார். ஆபீசில் தினமும் காலை ஸ்டாண்ட்அப் கூட்டத்தில் மேனேஜர் கேட்கிறார். மாரத்தஹள்ளி பிஜி அறையில் இரவு ஒன்பது மணிக்கு, ‘இன்றைக்குக் கன்னடம் எழுதியாச்சா?’ என்று கேட்க மட்டும் யாரும் இல்லை. பெங்களூருக்கு வந்து எட்டு வருடம் ஆன பிறகும் கடைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் இருக்கும் தமிழர்கள் பலருக்குப் புத்தகம் வாங்கத் தெரியும், ஆப் இறக்கத் தெரியும், ஜனவரியில் தொடங்கவும் தெரியும். மார்ச்சில் ‘ஏன் நின்றது?’ என்று கேட்கத்தான் ஆள் கிடையாது.

அந்த ஆளைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருவர் சினிமாவுக்குப் போய்வரும் செலவுதான் ஆகும். ஆனால் ஏற்பாடு சரியாக அமையாவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே காசும் போய், அந்த மனிதரின் போனை எடுக்கவே கூசும் நிலை வந்துவிடும். அதனால் முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம். கன்னடம் எழுதப் பழகுவதை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். தேர்வுக்குப் படிப்பது, கோடிங் பயிற்சி, காலை நடை, நின்றுபோன ஆராய்ச்சிக் கட்டுரை என்று எதற்கும் இதே முறைதான்.

எதற்காகக் காசு கொடுக்கிறோம்

ஆலோசனைக்காக அல்ல. ஆலோசனை விற்பவர் கோச். அவர் விலை வேறு, வேலை வேறு. நீங்கள் வாங்குவது மூன்றே விஷயம்: குறித்த நேரத்தில் ஒரு கேள்வி, ஆதாரத்தைப் பார்க்க இரண்டு கண்கள், உங்கள் சமாதானத்தைக் கேட்டு உருகாத ஒரு மனம்.

இதையே நண்பன் இலவசமாகச் செய்ய மாட்டானா? பத்து நாள் செய்வான். பதினொன்றாம் நாள் அவன் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள், மறந்துவிடுவான். அவன் மறந்ததில் உங்களுக்கு ஒரு நிம்மதி பிறக்கும், அன்றோடு எல்லாம் முடியும். மறக்காத நண்பனோ, ‘பரவாயில்லடா, ரொம்ப களைப்பா தெரியிற, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்பான். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அந்த அன்பு இங்கே உதவாது. கூலி வாங்குபவருக்குக் கேட்பது கடமை. உங்களுக்கும் ‘தொந்தரவு செய்கிறோமோ’ என்ற கூச்சம் இருக்காது.

மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே மூக்கணாங்கயிறு கட்டிக்கொள்ள விரும்புவார்களா என்ற சந்தேகம் நியாயமானது. மைசூரில் டேட்டா என்ட்ரி ஊழியர்களை வைத்து ஓராண்டுக்கும் மேல் ஓர் ஆய்வு நடந்தது. சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரேமர், செந்தில் முல்லைநாதன் மூவரும் நடத்திய அந்த ஆய்வு 2015இல் வெளியானது. குறித்த இலக்கை எட்டாவிட்டால் பாதிக் கூலி, எட்டினால் வழக்கமான கூலிதான், கூடுதலாக ஒரு பைசா கிடையாது. கணக்குப் பார்த்தால் யாரும் தொடக்கூடாத ஒப்பந்தம் இது. ஆனாலும் கணிசமான நேரங்களில் ஊழியர்கள் தாங்களாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கிடைத்தபோது வேலையும் கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சம்பள நாள் நெருங்க நெருங்க உழைப்பு ஏறியது. இந்த இரண்டாவது சங்கதி கீழே கூலியைப் பேசும்போது உதவும்.

எந்தப் பழக்கத்துக்கு ஒத்துவரும்

மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது முழுக்க என் கையில் இருக்கிறதா? ஒரு போட்டோவிலோ அரை நிமிடக் குரல் பதிவிலோ காட்ட முடியுமா? வாரத்தில் நான்கு நாளாவது செய்ய வேண்டியதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேலே படியுங்கள்.

எடையைக் குறைப்பது, வேலை கிடைப்பது, தேர்வில் தேறுவது எல்லாம் விளைவுகள். இவற்றுக்கு ஆள் வைத்தால் கேட்பவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். தராசு முள் நகராத வாரத்தில் நீங்கள் ஒழுங்காக நடந்திருப்பீர்கள், ஆனாலும் தோற்றவராக நிற்பீர்கள். விளைவை விட்டுவிட்டு, அதற்காகத் தினமும் செய்யும் செயலை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

குடிப்பழக்கம், தூக்கமே வராமை, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் கிடப்பது ஆகியவற்றுக்கு இந்த ஏற்பாடு போதாது. அபராதம் போட்டுச் சரிசெய்யும் விஷயமும் இல்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். முதலில் அங்கே போங்கள்.

அளவைக் குறைத்து வையுங்கள்

ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஒப்பந்தம் எழுதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனம் தெளிவாக இருக்கும், ‘தினமும் ஒரு மணி நேரம் கன்னடம்’ என்று கை எழுதிவிடும். செவ்வாய்க்கிழமை சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, எட்டரை மணிக்கு வீடு வந்து, மழையில் நனைந்த ஷூவைக் கழற்றும்போது அந்த ஒரு மணி நேரம் மலையாகத் தெரியும்.

அளவை இப்படி முடிவு செய்யுங்கள். போன மாதத்தில் உங்களுக்கு அமைந்த மிக மோசமான வேலை நாளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அன்று இரவு எவ்வளவு செய்திருக்க முடியும்? அதில் பாதியை எழுதுங்கள். கன்னடத்துக்கு என்றால் 10 வரி பார்த்து எழுதுவது, 15 நிமிட வேலை. நல்ல நாளில் 40 வரி எழுதுங்கள், யார் தடுக்கிறார்கள்? ஒப்பந்தத்துக்கு 10தான் கணக்கு. மிச்சம் 30 அடுத்த நாள் கணக்கில் சேராது. சேர்த்தால் புதன்கிழமையே வாரத்துக்கான வேலை முடிந்துவிடும், வியாழன் முதல் பழக்கம் அறுந்துவிடும்.

வாரத்துக்கு 5 நாள் போதும். எந்த இரண்டு நாள் விடுமுறை என்பதையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ‘ஏதோ ஐந்து நாள்’ என்று விட்டால் எல்லா வாரமும் சனி, ஞாயிறில் வந்து குவியும்.

காலம் 10 வாரம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி மூன்று வாரத்துக்கு ஆள் வைப்பவர்கள், செடி வேர் பிடிக்கும் முன்பே கழியைப் பிடுங்கிவிடுகிறார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் விட்டதற்காக மொத்தத்தையும் கைவிடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆதாரம்: பத்து நொடியில் தெரிய வேண்டும்

கேட்பவர் பத்து நொடியில் பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்ல முடியாத ஆதாரம் நிலைக்காது. நான்கு பக்கம் வாசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் அவர் படிக்காமலே ‘சூப்பர்’ போடத் தொடங்குவார். உங்களுக்கும் அது தெரிந்துவிடும்.

எழுத்து வேலைக்கு ஒரு நல்ல முறை உண்டு. கேட்பவர் தினமும் காலையில் ஒரு சொல்லை அனுப்புவார்: ‘புளியமரம்’, ‘திண்ணை’, ‘வாழைக்காய்’, எதுவானாலும் சரி. இரவு நீங்கள் எழுதும் பக்கத்தின் மேல் மூலையில் அன்றைய சொல்லைப் பேனாவால் எழுதி, பக்கம் முழுவதும் தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே ஐந்து பக்கம் எழுதி வைத்துத் தினம் ஒன்றாக அனுப்பும் சாமர்த்தியம் இதில் செல்லாது. காலையில் வரும் அந்த ஒற்றைச் சொல்லே பாதி நினைவூட்டலும் கூட.

படிப்பவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததில் மூன்று செய்தியைக் குரல் பதிவாக அரை நிமிடத்தில் சொல்லலாம். காலையில் எழுபவர்களுக்கு, ஐந்தரைக்கு வரும் சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குளியலறைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் போதும். கோடிங் பயிற்சி என்றால் சொந்தத் திட்டத்தின் கமிட் பட்டியல், அதாவது அன்று கோடில் சேமித்த மாற்றங்களின் பட்டியல். ஆபீஸ் லேப்டாப்பின் திரையை மட்டும் எக்காரணத்துக்கும் படமெடுத்து வெளியாருக்கு அனுப்பாதீர்கள். கம்பெனி ரகசியம் கசிந்தால் பழக்கத்தோடு வேலையும் போகும். ஆபீஸ் வேலையைக் கண்காணிக்க வேண்டுமானால், ‘காலை 10 முதல் 10.50 வரை அறிக்கையின் மூன்றாம் பகுதி, முடிந்தது’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆளைத் தேடுவது

மனைவி, கணவன், அண்ணன், தங்கை, அறைத்தோழன், மேனேஜர் ஆகிய யாரும் வேண்டாம். வீட்டுக்குள் ஒருவர் கேட்கத் தொடங்கினால் பத்து நாளில் அது பழைய சண்டைகளோடு கலந்துவிடும்: ‘கன்னடம் எழுதுவதே இப்படி என்றால் கேஸ் புக் பண்ணியிருப்பீர்களா?’

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கென்றே பிறந்தவர்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய குரல், சாக்குகளை எல்லாம் முப்பது வருடம் கேட்டுச் சலித்த காது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும் அப்படியே, நேரமும் கணக்கும் பிசகாது. வீட்டிலிருந்தபடி சிறு வருமானம் தேடும் படித்த பெண்கள் மிகவும் பொறுப்பாகச் செய்வார்கள். கல்லூரி மாணவர்கள் கூலிக்குச் சுலபமாகக் கிடைப்பார்கள், ஆனால் செமஸ்டர் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். பத்து வாரத்துக்குள் தேர்வு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவது முதல் வழி. அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்துக்கு வந்துபோகும் பெரியவர்களிடம் சொல்லிவைப்பது இன்னொன்று. எழுதுங்கள்: ‘இரவு எட்டரைக்கு ஒரு கேள்வி, பத்து மணிக்கு ஒரு படம் பார்ப்பது, ஞாயிறு பத்து நிமிடப் பேச்சு. பத்து வாரம். வாரக் கூலி உண்டு.’ இவ்வளவு தெளிவாக எழுதினால் ‘என்ன வேலை?’ என்ற குழப்பம் வராது.

கிடைத்தவரை ஒரு வாரம் வெள்ளோட்டம் பாருங்கள், அந்த வாரத்துக்கும் கூலி உண்டு. மூன்றாம் நாள் வேண்டுமென்றே எதையும் அனுப்பாமல் இருங்கள். குறித்த நேரத்தில் அவரிடமிருந்து கேள்வி வந்தால் அவர்தான் ஆள். மறுநாள் காலை ‘நேத்து பிஸியா?’ என்று வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நீங்கள் சறுக்கும் நாளில்தான் அவருக்கு வேலையே. அன்று வராதவர் மற்ற நாளில் வந்து பயனில்லை. வெள்ளோட்ட முடிவில் அந்தச் சோதனையை அவரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிமுகமில்லாதவருக்கு லைவ் லொகேஷன் வேண்டாம். பெண்கள் காலை நடைக்கு ஆள் வைத்தால் நடந்து திரும்பிய பிறகு படம் அனுப்புங்கள், நடக்கும்போது வேண்டாம். கூடுமானவரை பெண்ணையே அமர்த்துங்கள். ஓடிபி, வங்கி ஆப், போன் கடவுச்சொல் எதையும் ‘கண்காணிப்புக்காக’ என்று யார் கேட்டாலும் தரக்கூடாது. போனைப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு ஆப்பின் நேரக் கட்டுப்பாட்டு எண்ணை அவரிடம் கொடுக்கலாம். அது மட்டும் பரவாயில்லை.

கூலி

ஐந்து நாளுக்கு நாளொன்றுக்கு 5 நிமிடம், ஞாயிறு 10 நிமிடம், ஆக வாரம் 35 நிமிட வேலை. ரூ. 350 கொடுங்கள். நேரக் கணக்கில் நல்ல கூலி. பத்து வாரத்துக்கு ரூ. 3,500 ஆகும். இதற்குக் கீழே போனால் அவருக்கு அது கூலியாகத் தெரியாது, உதவியாகத் தெரியும். உதவிக்கு லீவு உண்டு.

வாரம்தோறும் ஞாயிறு பேச்சு முடிந்த கையோடு யுபிஐயில் அனுப்பிவிடுங்கள், மாதக் கடைசி வரை இழுக்காதீர்கள். மைசூர் ஊழியர்களின் உழைப்பு சம்பள நாளையொட்டி ஏறியது போல உங்கள் முனைப்பும் கணக்கு முடிக்கும் நாளையொட்டித்தான் ஏறும். மாதம் ஒரு கணக்கு நாள் இருப்பதைவிட நான்கு இருப்பது நல்லது.

கூலி நிலையான தொகையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீங்கள் வென்றால் கூடுதல் என்றால், மங்கலான படத்துக்கும் அவர் ‘ஆம்’ போடுவார். நீங்கள் தோற்றால் அபராதம் அவருக்கு என்றால் இரண்டில் ஒன்று நடக்கும்: உங்கள் தோல்வியில் அவருக்கு வரவு, அல்லது உங்கள் காசை எடுக்க மனமில்லாமல் அவர் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல மனிதர்கள் இரண்டாவதைச் செய்வார்கள். ஏற்பாடு கெடுவதென்னவோ ஒன்றுதான்.

டெபாசிட்டும் அபராதமும்

அபராதம் இல்லாமலும் இந்த ஏற்பாடு நடக்கும். பலருக்குக் கேள்வி மட்டுமே போதும். இரண்டு வாரம் அப்படியே ஓட்டிப் பார்த்து, கேள்வியைச் சமாளிக்க மனம் கற்றுக்கொண்டால் மட்டும் டெபாசிட்டை, அதாவது அபராதம் கழித்துக்கொள்ள முன்னாலேயே கொடுத்துவைக்கும் பணத்தை, சேருங்கள்.

அபராதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் பெற்றோர் மாலையில் தாமதமாக வருவதைத் தடுக்க 10 ஷெக்கல் அபராதம் வைத்துப் பார்த்தார்கள். உரி நீசி, ஆல்டோ ரஸ்டிகினி இருவரும் அதை ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்பு ‘டீச்சர் காத்திருப்பாரே’ என்று பதறி ஓடிவந்தவர்கள், இப்போது காசு கொடுத்துத்தானே நிற்கிறோம் என்று நிதானமாக வந்தார்கள். அபராதம் கட்டணமாக மாறிவிட்டது.

நீங்கள் வைக்கும் ரூ. 100 அபராதத்துக்கும் இதேதான் நேரும்: ‘இன்றைக்கு நூறு ரூபாய் போனால் போகட்டும், தூங்குகிறேன்.’ இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, தொகை ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரே வாரத்தில் முதல் தவறுக்கு ரூ. 100, இரண்டாவதற்கு ரூ. 300, மூன்றாவதற்கு ரூ. 600. அடுத்த வாரம் மீண்டும் 100இல் தொடங்கும். இரண்டாவது வழிதான் முக்கியம்: அபராதம் கட்டினாலும் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தவறிய இரவே, ஏன் தவறியது என்று குரல் பதிவில் ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். நூறு ரூபாய் கொடுப்பது எளிது, ‘கிரிக்கெட் பார்த்தேன், மறந்தேன்’ என்று சொந்தக் குரலில் சொல்வது எளிதல்ல.

மொத்த டெபாசிட்டாக உங்கள் ஒரு நாள் சம்பளம் போதும், மாதம் ரூ. 90,000 வாங்குபவருக்கு ரூ. 3,000. பெரிய தொகை வைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. அமெரிக்காவில் சிவிஎஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியர்களிடமும் அவர்களின் உறவினர், நண்பர்களிடமும் புகைப்பதை நிறுத்த வைத்துப் பார்த்த முறைகளின் முடிவு 2015இல் வந்தது. வெறும் பரிசு தரும் திட்டத்தை 90 சதவீதம் பேர் ஏற்றார்கள், தங்கள் பணத்தில் 150 டாலர் முன்னால் கட்ட வேண்டிய திட்டத்தை ஏற்றவர்கள் 13.7 சதவீதம்தான். ஆனால் டெபாசிட்டை ஏற்கக்கூடிய மனமுள்ளவர்களிடம் அது பரிசைவிட வலுவாக வேலை செய்தது. டெபாசிட் கூர்மையான கருவி, ஆனால் கனம் கூடினால் கையில் எடுக்கவே மாட்டோம்.

பணம் முன்னாலேயே கைமாறியிருக்க வேண்டும். ‘தவறினால் அனுப்புகிறேன்’ என்பது பேச்சோடு நின்றுவிடும். டெபாசிட்டைக் கேட்பவரிடமே கொடுத்துவைக்கலாம், அபராதம் போகும் இடம் மட்டும் வேறாக இருக்கட்டும். ஆதரவற்றோர் இல்லத்துக்கு என்று பலரும் எழுதுவார்கள். நல்ல மனம்தான், ஆனால் ‘எப்படியும் புண்ணியம்’ என்று மனம் தேறிவிடும். உங்கள் மச்சானுக்கு அனுப்பி, ‘மாமா இந்த வாரமும் எழுதல, பிரியாணி சாப்பிடுங்க’ என்று ஒரு வரியும் போகட்டும். அது உறைக்கும்.

ஒப்பந்தம்

ஒரு பக்கத்துக்குள், கையால் எழுதி, இருவரும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போகும் பத்திரம் அல்ல இது, இரவு பத்து மணிக்கு வாதம் செய்யாமல் இருப்பதற்கான தாள். இப்படி இருந்தால் போதும்:

‘திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 10 வரி கன்னடம் கையால் எழுதுவேன். அன்றைய சொல் காலை 8 மணிக்கு வரும். இரவு 8.30க்கு நீங்கள் கேட்பீர்கள். 10 மணிக்குள் படம் வர வேண்டும், 10.01க்கு வந்தால் வரவில்லை என்றே கணக்கு. உடம்புக்கு முடியாத நாள் பத்து வாரத்தில் இரண்டு, காரணம் கேட்க வேண்டாம். ஊருக்குப் போவதை ஏழு நாளுக்கு முன்பே சொல்வேன். விதி எதை மாற்றினாலும் ஏழு நாள் கழித்தே அமலுக்கு வரும். ஒரு வாரத்தில் மூன்று தவறினால் ஏற்பாட்டை நிறுத்தி, ஞாயிறு பேசி, அளவைக் குறைத்துத் தொடங்குவோம்.’

அந்த ஏழு நாள் விதி பீமைண்டர் என்ற இணையச் சேவையில் பல வருடங்களாக உள்ளது. இன்றிரவு தப்பிப்பதற்காக யாரும் விதியை மாற்றக்கூடாது, ஆனால் அடுத்த வாரத்து உங்களுக்காகத் தெளிந்த மனதோடு மாற்றலாம். கையால் எழுதும் ஒப்பந்தத்திலும் இதைச் சேர்க்காமல் விடாதீர்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ‘சார், நாலு நாள் லீவு’ என்று அனுப்பும் செய்தி செல்லாமல் போவது இந்த ஒரு வரியால்தான்.

எட்டரைக்குக் கேள்வி, பத்துக்குக் கெடு

கேள்வி கெடு முடிந்த பிறகு வந்தால் அது விசாரணை. முன்னால் வந்தால் உதவி. வேலைக்கு 15 நிமிடம் ஆகும் என்றால், கேள்விக்கும் கெடுவுக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். வழியில் இருப்பவர் வீடு வந்து, சாப்பிட்டு, உட்கார நேரம் வேண்டாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அமர்த்தியிருந்தால் ஒரு நல்ல இரவு இப்படி இருக்கும்:

‘தம்பி, மணி எட்டரை. இன்னிக்குப் பக்கம்?’

‘சார், இன்னும் பையப்பனஹள்ளி மெட்ரோல நிக்கிறேன். இன்னிக்கு ரொம்ப லேட்.’

‘சரி. எத்தனை மணிக்கு உட்காருவீங்க?’

‘ஒன்பதரைக்கு சார்.’

‘ஒன்பதரை. பார்க்கிறேன்.’

9.52க்குப் படம் வருகிறது. மூலையில் ‘திண்ணை’. பத்தாவது வரி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ‘வந்தது. நல்லது.’ அவ்வளவுதான் அவர் எழுத வேண்டியது.

‘ரொம்ப லேட்’ என்பதற்கு அந்த ஆசிரியர் பரிதாபப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. ‘எத்தனை மணிக்கு?’ என்று மட்டும் கேட்டார். நீங்கள் அமர்த்துபவருக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரே வித்தை இந்தக் கேள்விதான். ஏன் என்று கேட்டால் கதை வரும், எத்தனை மணிக்கு என்று கேட்டால் மணி வரும்.

கெட்டுப்போகும் இடங்கள்

முதல் பொய்தான் பெரிய ஆபத்து. நேற்றைய பக்கத்திலேயே இன்றைய சொல்லை எழுதி அனுப்பிவிடலாம், கேட்பவர் கண்டுபிடிக்க மாட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கொடுக்கும் கூலி வீண். இதற்கு ஒரு வாசல் திறந்து வைத்திருங்கள்: ஞாயிறு பேச்சில் தானாக ஒப்புக்கொண்ட பொய்க்கு அபராதம் கிடையாது, அந்த நாள் மட்டும் ‘இல்லை’ என்று மாறும். ஒப்புக்கொள்வது பொய்யைக் காப்பதைவிட மலிவாக இருக்க வேண்டும். பொய் அடிக்கடி வருகிறது என்றால் அபராதம் உங்களுக்குக் கனமாகிவிட்டது, பாதியாக்குங்கள்.

நான்காவது, ஐந்தாவது வாரத்தில் கேட்பவர் நெகிழத் தொடங்குவார். உங்கள் வீட்டுக்கதை, ஆபீஸ் கதை எல்லாம் இதற்குள் தெரிந்திருக்கும். 10.10க்கு வந்த படத்துக்கும் ‘சரி, வந்தது’ என்பார். அன்றே நீங்கள்தான் ‘சார், கணக்கில் இல்லை என்று போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் போதும், அவர் நிமிர்ந்துவிடுவார். சொல்லாமல் மகிழ்ந்தால் அடுத்தது 10.40.

இரண்டு வாரம் தொடர்ந்து ஒரு தவறும் இல்லையென்றால் அளவை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். ஆறாவது வாரத்துக்கு முன் 10 வரி 10 வரியாகவே இருக்கட்டும். இரண்டாவது பழக்கத்தை அதே ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் இதே தவறுதான். கன்னடத்தோடு ஜிம்மும் சேர்ந்தால் ஒன்று சரிந்த அன்று மற்றதும் சேர்ந்து சரியும்.

ஆள் வேண்டாம் என்பவர்களுக்கு

பீமைண்டர், ஸ்டிக் போன்ற சேவைகள் தவறினால் உங்கள் கார்டிலிருந்தே பணம் எடுக்கும், டாலரில். இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நீங்களாகத் திறந்துவிட வேண்டும், எடுக்கும் தொகைக்கு வரம்பும் வைத்துவிடுங்கள். ஃபோகஸ்மேட் வேறு மாதிரி: முன்பின் தெரியாத ஒருவரோடு வீடியோவில் 25, 50 அல்லது 75 நிமிடம் அவரவர் வேலையைப் பார்ப்பது. வாரத்துக்கு மூன்று முறை வரை இலவசம். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். தனியாக உட்கார்ந்தால் கை போனுக்குப் போகும் என்பவர்களுக்கு மிக நல்லது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் விஜயநகர் பக்கத்துக் கட்டண வாசிப்பு அறைகளைப் பாருங்கள், அங்கே சுற்றிலும் படிப்பவர்களே கண்காணிப்பு. கப்பன் பார்க்கிலுள்ள மாநில மத்திய நூலகமும் இருக்கிறது, ஆனால் வராவிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பத்து வாரம் முடிந்த பிறகு

சட்டென்று நிறுத்தாதீர்கள். 11, 12, 13ஆம் வாரங்களில் காலைச் சொல்லும் எட்டரைக் கேள்வியும் நிற்கட்டும், பத்து மணிப் படம் மட்டும் போகட்டும். கூலி ரூ. 200. அடுத்த நான்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வாரத்துப் பக்கங்களை மொத்தமாகக் காட்டுங்கள், ரூ. 100. கேள்வி இல்லாமல் கை தானாக நோட்டை எடுக்கிறதா என்பது இந்த ஏழு வாரத்தில் தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போனால் வெட்கப்படாமல் இன்னும் மூன்று வாரம் முழுக் கேள்வியை வாங்குங்கள், அதே ரூ. 350.

டெபாசிட்டில் மீதி இருப்பது கடைசி ஞாயிறன்றே திரும்பி வர வேண்டும். கேட்பவர் பெரியவராக இருந்தால் யுபிஐயில் கணக்கை முடித்துக்கொண்டு விட்டுவிடாமல், எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் ஒரு முறை போய்வாருங்கள். அவர் அதுவரை போன் திரையில் ஒவ்வொரு பக்கமாகத்தான் பார்த்திருப்பார்.